எட்டாம் கட்டத்து ராணி

பூமிநாதன் காரை விட்டு இறங்கும்போதே கைப்பேசியில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். சாமியானா இன்னும் வந்து சேரவில்லை. கம்பளம் வாசல்வரை எட்டவில்லை. நாளைக் காலை பத்து மணிக்கு அமைச்சர் வந்து பெண்கள் பள்ளிக்கூடத்தின் புது மண்டபத்தைத் திறக்கிறார். மண்டபம் பூமிநாதன் காண்ட்ராக்ட் எடுத்துக் கட்டியது. அதன் முன்சுவரில் பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு ஒரு பெண். நாடாண்டவர்களில் தொடங்கி மேடையில் பாடியவர்கள் வரைக்கும், சரித்திரத்தில் பேர் எடுத்த பெண்கள். அந்தச் சுவரும் அவர் எடுத்த வேலையில் சேர்த்தி. வரைந்தது ராஜம்.

அவள் சாரத்தின் கீழ்ப்பலகையில் உட்கார்ந்து பன்னிரண்டாவது கட்டத்துக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஒரு டீயோடு நிற்கிறது வயிறு. கடல் காற்றில் பெயிண்ட் காய மாட்டேன் என்கிறது. பூமிநாதன் சுவரோரமாக நடந்து வருவதை அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். காரைக்கால் அம்மையார், வேலு நாச்சியார், ரசியா சுல்தானா, வீணை தனம்மாள். அவர் நடை ஒரே சீராக வந்தது. எட்டாவது கட்டத்தில் நின்றது.

"அப்புறம் பேசறேன்" என்று கைப்பேசியை அணைத்தார்.

ராஜத்தின் கையில் பிரஷ் ஒரு நூல் விலகியது.

"ஏம்மா, இது யாரு?"

"செம்பியன் மாதேவிங்க சார். சோழ ராணி. செங்கல் கோயிலையெல்லாம் கல்லா மாத்திக் கட்டுனவங்க."

"அதான் கீழ எழுதியிருக்கியே. எனக்கும் படிக்கத் தெரியும். மூஞ்சி யாருது?"

ராஜம் பிரஷை மறுபடி பெயிண்டில் தோய்த்தாள்.

"நான் சொல்லட்டுமா? அந்தச் சித்தாளு பூவாயி மூஞ்சி."

சொல்லிவிட்டு அவரே திரும்பிப் பார்த்துக்கொண்டார். பக்கத்தில் யாரும் இல்லை.

இருபத்திரண்டு வருஷமாக ராஜம் சுவரில் வரைகிறாள். கட்சிச் சுவர், கடைச் சுவர், பால்வாடிச் சுவர். போட்டோ இருக்கிற ஆளுக்குப் பிரச்சினை இல்லை. கட்டம் போட்டு அப்படியே இறக்கிவிடலாம். கேமரா வருவதற்கு முன்னால் செத்துப்போனவர்களுக்கு என்ன செய்வது? எதிரே யார் நிற்கிறார்களோ அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியதுதான். இவளிடம் மூக்கு, அவளிடம் கண், இன்னொருத்தியிடம் தாடை. யாரையும் கேட்பதில்லை. கேட்டால் பவுடர் பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். போன வாரம் தலைமை ஆசிரியை ஆஸியா பீவி, ரசியா சுல்தானாவின் முன்னால் நின்று, "மாஷா அல்லாஹ், அப்புடியே எங்க நாத்தனார் மாதிரி இருக்கு. அவளும் இப்புடித்தான், ஊரையே ஆள வந்தவ மாதிரி பாப்பா" என்றார். அது ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கும் பெண்ணின் முகம். ராஜம் தலையை மட்டும் ஆட்டி வைத்தாள்.

பூவாயியிடம் மட்டும் கொஞ்சமாக எடுக்க முடியவில்லை. முழுசாக வந்துவிட்டது. தலையில் கலவைச் சட்டியோடு சாரம் ஏறுகிறவளுக்குக் கழுத்து ஒரு விதமாக நிற்கும். பார்வை மேலே இருக்கும், முகத்தில் அசைவு இருக்காது. கல்லை ஏற்றி வைக்கிற இடத்தில் நின்று பார்க்கிற ராணிக்கு வேறு எந்த முகத்தை வைத்தாலும் பொம்மையாகத்தான் தெரிந்தது. நேற்று சாயங்காலம் பூவாயி தன் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு ராஜம் தனியாக உட்கார்ந்து அந்த முகத்தை முடித்தாள்.

"நாலு மணிக்குள்ள அழிச்சுட்டு வேற வைக்கற" என்றார் பூமிநாதன். குரல் ஏறவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நெடுங்காட்டுல ஒரு ஸ்கூல் சுவரு இருக்கு. திருநள்ளாறு ரோட்டுல ஒரு காம்பவுண்ட் இருக்கு. ரெண்டும் உனக்குன்னுதான் வச்சிருந்தேன். நல்லா யோசிச்சுக்க."

அதற்குள் ஆஸியா பீவி மாடிப்படி இறங்கி வந்தார். கையில் நாளைய அழைப்பிதழ் கட்டு.

"என்ன காண்ட்ராக்டர் சார், சுவரு எப்புடி? பிள்ளைங்க காலைலேர்ந்து இந்த ராணி முன்னாடிதான் நிக்குதுங்க."

"நல்லாருக்கு மேடம். இது ஒண்ணுதான்… கொஞ்சம் மாத்தணும்."

"ஏன்?"

பூமிநாதன் சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். "பொட்டு இல்ல மேடம். திறப்பு விழாவும் அதுவுமா."

"அந்த அம்மா சின்ன வயசுலயே புருஷன இழந்தவங்க. அதுக்கப்புறந்தான் அத்தனை கோயிலும் கட்டுனாங்க. பொட்டு இல்லாததுதான் சரி. நான்தான் சொன்னேன் ராஜம்மாகிட்ட."

"நிறமும் கொஞ்சம்…"

"நிறத்துக்கு என்ன? ராணியக் கண்ணால பாத்தவங்க யாரு இருக்கா? நீங்க பாத்தீங்களா, நான் பாத்தேனா?"

பூமிநாதன் சிரிக்க முயன்றார். அவரால் உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் அந்த முகம் யாருடையது என்று சொல்ல வேண்டும், அதில் தனக்கென்ன உறுத்தல் என்றும் சொல்ல வேண்டும். ஆஸியா பீவி உள்ளே போகும்வரை காத்திருந்தார். பிறகு ராஜத்திடம் நாலு விரலைக் காட்டிவிட்டுக் காரில் ஏறினார்.

உறுத்தல் இதுதான். இதே மண்டபத்துக்குத் தளம் போட்ட அன்று கலவை மெஷினில் பூவாயியின் இடது கை மாட்டியது. மோதிர விரலில் இரண்டு கணு போய்விட்டது. மேஸ்திரி அவளை பைக்கில் ஏற்றிக்கொண்டு போகும்போது, வீட்டில் அரிவாள்மனையில் வெட்டிக்கொண்டதாகச் சொல்லச் சொன்னான். அவள் ஆஸ்பத்திரியில் மெஷின் என்றே சொன்னாள். இது நடந்து இரண்டரை மாதம் ஆகிறது. அன்றிலிருந்து காரைக்காலில் எந்தக் கொத்தனாரும் அவளை வேலைக்குக் கூப்பிடவில்லை. கட்டடத் தொழிலாளர் வாரியத்தில் அவள் அட்டையைப் புதுப்பித்தால்தான் விபத்துக்கு மனு போட முடியும். புதுப்பிக்க, அவள் தொண்ணூறு நாள் வேலை செய்தாள் என்று காண்ட்ராக்டர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். போட்டால் அவள் இந்த இடத்தில் வேலை பார்த்தவள், விபத்துக்கு அவர் பொறுப்பு என்று ஆகிவிடும். பூமிநாதன் போடவில்லை. படிவம் கொடுக்கக் கடைசி நாள் நாளைக்கு.

ராஜந்தான் அவளைப் பெயிண்ட் குழைக்கவும் பிரஷ் கழுவவும் கூட்டி வந்தாள். இன்றைக்கு அவள் வரவில்லை. கையெழுத்துக்காகப் பூமிநாதன் ஆபீஸ் வாசலில் போய் நிற்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

ராஜம் வெள்ளை பிரைமர் டப்பாவைத் திறந்தாள். மூன்று அங்குல பிரஷை முக்கினாள். சுவரை நோக்கிக் கை போனது. நின்றது. சொட்டு சொட்டாக வெள்ளை பலகையில் விழுந்தது. மறுபடி டப்பாவுக்குள் பிரஷை வைத்தாள். நெடுங்காட்டுச் சுவர் நாற்பது அடி. மழைக்காலம் முழுக்க அடுப்பெரியும்.

"யாரைக் கேட்டு வச்ச?"

ராஜம் திரும்பினாள். பூவாயி நின்றாள். வெயிலில் நடந்து வந்திருக்கிறாள். முந்தானை தலையில் கிடந்தது, கையில் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் படிவம். அவள் கண் சுவரில் இருந்தது.

"புள்ள…"

"யாரைக் கேட்டு என் மூஞ்சிய இங்க வச்சன்னு கேக்கறேன்."

"வேற ஒண்ணும் சரியா வரல. தப்பா எதுவும் நெனச்சு செய்யல."

"நீ நெனச்சது இருக்கட்டும் யக்கா. நானே ஊருக்குள்ள கண்ணுல படாம ஒதுங்கி ஒதுங்கி நடக்கறேன். ஆஸ்பத்திரில பூமிநாதனக் காட்டிக்குடுத்தவன்னு ஒவ்வொரு சைட்லயும் வெரட்டுறானுவோ. நீ என்னடான்னா எட்டடிக்கு எழுதி வச்சிருக்க, அவன் கட்டுன சுவத்துலயே. உனக்கு ஒரு மூஞ்சி வேணும்னா கண்ணாடியப் பாத்து வரையறது!"

 அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிசகில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருத்திகூட வந்து கேட்டதில்லை, அவ்வளவுதான்.

"அழிச்சுர்றேன். அவரும் அதான் சொல்லிட்டுப் போனாரு."

"யாரு?"

"பூமிநாதன். நாலு மணிக்குள்ள அழிக்கணுமாம். இல்லாட்டி எனக்கு இனிமே வேலை இல்லையாம்."

பூவாயி படிவத்தை இடுப்பில் செருகினாள். சுவருக்குக் கிட்டே வந்தாள். முகத்தை விட்டுவிட்டு ராஜத்தைப் பார்த்தாள்.

"அவன் பாத்தானா? பாத்துட்டு என்னா பண்ணான்?"

"போன அணைச்சாரு. சுத்திமுத்திப் பாத்தாரு. எச்.எம். டீச்சர் வந்ததும் பொட்டு இல்லன்னு ஏதோ சொல்லிச் சமாளிச்சாரு."

"என் பேரச் சொல்லலையா?"

"டீச்சர் முன்னாடி சொல்லல."

பூவாயி கவிழ்த்துப்போட்ட பக்கெட்டில் உட்கார்ந்தாள்.  "மூணு நாளா விடிஞ்சதும் அவன் ஆபீஸ் வாசல்ல நிக்கறேன். ஏறெடுத்துப் பாக்கல. இன்னிக்குக் காலைல பின்பக்கமாப் போயிட்டான். இங்க வந்து சுவத்தப் பாத்துட்டு வேர்த்துப் போயிருக்கான் பாரு." பிறகு, "டப்பாவ மூடு" என்றாள்.

"எதுக்கு?"

"மூடுன்றேன்ல. பிரைமர் காஞ்சிரும்."

மூன்றே முக்காலுக்கே பூமிநாதனின் கார் வந்துவிட்டது. சாமியானாக்காரர்கள் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் நேராக எட்டாவது கட்டத்துக்கு வந்தார். மேலே அந்த முகம். கீழே, அதற்கு நேராக, அதே முகம் பக்கெட்டில் உட்கார்ந்திருந்தது.

"என்ன சார்" என்றாள் பூவாயி. "நல்லாருக்கேனா?"

அவர் அவளைப் பார்க்காமல் ராஜத்திடம், "அழிக்கச் சொன்னேன்ல?" என்றார்.

ராஜம் சாரத்தில் உட்கார்ந்தபடியே சொன்னாள்: "மூஞ்சிக்காரியே வந்துட்டா சார். அவகிட்டயே கேட்டுக்குங்க."

"அழிச்சுக்கட்டும் சார்" என்றாள் பூவாயி. "நான் வேணாங்கல. சித்தாளுக்கு எதுக்கு ராணி வேஷம்? இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, யக்கா அழிச்சுரும்." படிவத்தை நீட்டினாள்.

"மெரட்டுறியா?"

"மெரட்ட எங்கிட்ட என்னா சார் இருக்கு? நாளைக்கு நான் வருவேன். நான் சுமந்த மண்டபந்தான, திறப்பு விழாவுக்கு வரக்கூடாதா? இந்தா, இங்கதான் நிப்பேன், இந்த மூஞ்சிக்குக் கீழ. வாயத் தொறக்க மாட்டேன். அமைச்சர் கும்புட்டா நானும் கும்புடுவேன்."

கும்பிட்டுக் காட்டினாள். எட்டு விரல் ஜோடி சேர்ந்து நின்றது. வலது மோதிர விரல் மட்டும் எதிரே ஒன்றும் இல்லாமல் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது.

மூங்கில் இறக்கியவர்களில் ஒருவன் நின்று பார்த்தான். பூமிநாதனின் கழுத்து நரம்பு புடைத்தது.

"எடு அந்த டப்பாவ. நானே அடிக்கறேன்." குனிந்து மூடியை நெம்பினார்.

பூவாயி எழுந்து நின்றாள். ராஜம் சாரத்திலிருந்து இறங்கினாள்.  அவர் எதிரில் வந்து நின்றாள்.

"அடிங்க சார். வெள்ளை அடிக்க யாராலயும் முடியும். அதுக்கு மேல யாரு வரையப்போறா? வெளியூர்லேர்ந்து ஆள் கூட்டியாந்தாலும் ராத்திரி ஆயிரும். பொழுது விடிஞ்சா பதினோரு பொம்பளையும் மூஞ்சி இல்லாத ஒரு ராணியும் நிப்பாங்க. அமைச்சர் கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்."

"உனக்கு இனிமே இந்த ஊருல ஒரு சுவரு கெடைக்காது, தெரியும்ல?"

"தெரியும் சார். பூவாயி சொன்னா அழிக்கறேன். நீங்க சொல்லி அழிக்க மாட்டேன்."

சத்தம் கேட்டு ஆஸியா பீவி வெளியே வந்தார். "என்ன இங்க? என்ன பிரச்சினை?"

 பூமிநாதன் கையில் பாதி திறந்த டப்பா மூடி. கட்டைவிரலில் வெள்ளை. ஒரு சொல்லில் எல்லாம் உடைந்துவிடும். அதைத் தன் வாயால் சொல்ல முடியாதவர் அவர் ஒருவர்தான்.

பூவாயி முந்திக்கொண்டாள். "பிரச்சினை இல்ல டீச்சர். சார் எனக்கு வாரியத்துப் படிவத்துல கையெழுத்துப் போடறாங்க. எனக்கு இங்கிலீசு வராது. எழுதுனதும் நீங்க கொஞ்சம் படிச்சுச் சொல்லணும்."

ஆஸியா பீவி ஒருத்தர் முகத்திலிருந்து இன்னொருத்தர் முகத்துக்குப் பார்த்தார். பிறகு சுவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் கண் அங்கேயே கொஞ்சம் நின்றது. பூவாயியிடம் இறங்கியது.  கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"போடுங்க சார். நான் படிக்கறேன்."

கார் முகப்பின் மேல் படிவத்தை வைத்து பூமிநாதன் எழுதினார். டாஷ்போர்டிலிருந்து முத்திரை எடுத்துக் குத்தினார். தூக்கிப் போடுவதுபோல நீட்டினார்.

ஆஸியா பீவி ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். "பேரு சரி. வயசு சரி. வேலை செஞ்ச நாளு நாப்பத்தஞ்சு."

பூவாயியின் முகம் கல்லாகிவிட்டது. "தொண்ணூறு டீச்சர். தொண்ணூறுக்குக் கொறஞ்சா வாங்க மாட்டாங்க. அது அவருக்கும் தெரியும்."

"நான் எதை ஞாபகம் வச்சுக்கறது மேடம்? எத்தனையோ சைட்டு…"

"எனக்கு ஞாபகம் இருக்குங்க சார்" என்றார் ஆஸியா பீவி. "போன வருஷம் அஸ்திவாரம் வெட்டுன நாள்லேர்ந்து பாக்கறேன். பிரேயர் பெல்லு அடிக்கறப்ப இவங்க சட்டியோட அந்த கேட்டுக்குள்ள வருவாங்க. பிள்ளைங்க வரிசைல நின்னு வேடிக்கை பாக்கும். பள்ளிக்கூட நாளை எண்ணுறது என் வேலை. நூத்துக்கு மேலயே வரும். அடிச்சுத் திருத்தி, பக்கத்துல சின்னக் கையெழுத்துப் போடுங்க."

பூமிநாதன் பேனாவைத் திறக்காமல் நின்றார். சாமியானாவுக்கு முதல் மூங்கில் ஏறியது. அவர் கைப்பேசி அடித்தது. திரையில் பேரைப் பார்த்தார்; அமைச்சரின் ஆட்கள்போல. எடுக்கவில்லை. நாற்பத்தைந்தைக் கோடு போட்டு அடித்தார். மேலே எழுதினார். பக்கத்தில் கிறுக்கினார்.

"தொண்ணூத்தஞ்சு" என்று படித்தார் ஆஸியா பீவி. "முத்திரை திருத்தத்து மேலயும் விழணும்."

விழுந்தது.

பூவாயி படிவத்தை வாங்கி ஊதி மை காயவைத்தாள். கவருக்குள் போட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு ராஜத்தைப் பார்த்து, "அழி யக்கா" என்றாள்.

"நெசமாவா?"

"அழின்றேன்ல. எனக்கு என் சீட்டு வந்துருச்சு."

ராஜம் பிரஷை முக்கினாள். நெற்றியில் ஆரம்பித்தாள். மூன்று இழுப்பில் முகம் போய்விட்டது. இப்படி ஒரு முகம் தனக்கு மறுபடியும் வருமா என்று தெரியவில்லை.  பூமிநாதன் வெள்ளை ஆனதைக் கண்ணால் பார்த்த பிறகே நகர்ந்தார். போகும்போது ராஜத்தின் கைப்பேசிக்கு ஒரு படம் அனுப்பினார். காலண்டர் படம். உருண்டை முகம், ரோஜா நிறம், சிவந்த உதடு. "இதை வை" என்று கீழே எழுதியிருந்தது. நெடுங்காட்டுச் சுவர் பற்றி ஒன்றும் இல்லை. இனி இருக்காது.

பிரைமர் காய ஒன்றேகால் மணி நேரம் ஆனது. ராஜம் அந்தப் படத்தைச் சுவரில் இறக்கினாள். இதற்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. பூவாயி பக்கத்திலேயே இருந்து நிறம் குழைத்துக் கொடுத்தாள். முடிந்ததும் இரண்டு பேரும் பின்னால் போய் நின்று பார்த்தார்கள்.

"இவ கல்லு ஏத்துனவ மாரி இல்ல" என்றாள் பூவாயி. "பல்பசை விளம்பரத்துக்கு வந்தவ மாரி இருக்கா."

ராஜம் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. முகத்தை மட்டுந்தான் பூமிநாதன் மாற்றச் சொன்னார். கழுத்துக்குக் கீழே எல்லாம் அப்படியே இருந்தது. ராணியின் இடது கை, ஏற்றி வைத்த கருங்கல்லின் மேல் விரித்து வைத்திருந்தது. புறங்கையின் நரம்பு, சுண்ணாம்பு தின்ற நகம், தடித்த கணுக்கள். பூவாயியின் கை. ஆனால் ஐந்து விரலும் முழுசு. ராணிக்கு விரல் குறையக்கூடாது என்று ராஜமே நேற்றைக்கு நிரப்பி வைத்தது.

"புள்ள, ஒண்ணு கேக்கவா?"

"கேட்டுட்டுச் செய்யணும்னு இன்னிக்குத்தான் தோணுச்சாக்கும்."

"அந்தக் கை உன் கையிதான். வெரல மட்டும் நான் முழுசாப் போட்டுட்டேன். உன் வெரலு மாரியே கொறச்சுடவா?" ராஜம் நிறுத்தினாள். "நீ வேணாம்னா தொடமாட்டேன்."

பூவாயி நிமிர்ந்து அந்தக் கையைப் பார்த்தாள். ரவிக்கைக்குள் கவர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். வெயில் சுவரின் மேல்விளிம்புக்குப் போயிருந்தது.

"அவன் பாப்பானா?"

"அவன் மூஞ்சியத்தான் பாப்பான்."

"அமைச்சரு?"

"அவரு கேமராவப் பாப்பாரு."

"பிள்ளைங்க?"

ராஜம் யோசித்தாள். "பிள்ளைங்க பாக்கும். விரல எண்ணும். ராணிக்கு என்னாச்சுன்னு கேக்கும்."

"டீச்சரு சொல்லிக்குவாங்க" என்றாள் பூவாயி.

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பலகையில் ஏறினாள். ராணியின் கைக்குப் பக்கத்தில் தன் இடது கையை விரித்துச் சுவரில் அழுத்தி வைத்தாள்.

"எங்க முடியுதுன்னு சரியாப் பாத்துக்க. அவசரத்துல ஒரு கணு கூடப் போட்டுறாத."

ராஜம் மெல்லிய பிரஷை எடுத்தாள். கருங்கல்லின் நிறத்தைக் கொஞ்சமாகக் குழைத்து, ராணியின் மோதிர விரலை நுனியிலிருந்து அழிக்கத் தொடங்கினாள்.